மேவிஸின் முழங்காலும் ஒரு வாக்கும்

மேவிஸ் ஷட்டில்வொர்த் என்ற பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு டீ குடிக்க வேண்டியிருக்கும். அதனால் எங்கள் ஊர் ஹேசல்பாட்டத்தில் யாரும் சொல்வதில்லை. மேவிஸ் என்றால் போதும். இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் மாவட்டம் முழுக்க எத்தனை மேவிஸ் இருந்தாலும், உறையின்மேல் வெறுமனே 'மேவிஸ்' என்று எழுதிப் போட்டால் அந்தக் கடிதம் சேப்பல் மேட்டின் உச்சியில் இருக்கும் பச்சைக் கதவுக்குத்தான் போகும்.

வயது எழுபத்தெட்டு. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அந்த ஒரு விரலையும் சேர்த்துக் குரலில் வைத்துவிட்டார் கடவுள். மேட்டின் உச்சியில் அவர் தும்மினால், அடிவாரத்தில் என் மீன்-சிப்ஸ் கடையில் எண்ணெய் தெறிக்கும். முப்பத்தோரு வருஷமாக இங்கே மீன் பொரிக்கிறேன், தெறித்த தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். என் பெயர் பேரின்பம். ஊர்க்காரர்கள் முதல் நாளே அதை வெட்டிப் 'பெரி' ஆக்கிவிட்டார்கள். மிச்சத்தை என்ன செய்தார்களோ தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடையில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும். பாதிப் பேர் மீனுக்கு வருகிறவர்கள். மீதிப் பேர் மேவிஸின் அரசியலுக்கு வருகிறவர்கள்.

"பிரதம மந்திரியா? என் வீட்டுக் கெட்டில் பதினேழு வருஷமா ஓடுது, கண்ணு. அதுக்குள்ள அவங்க எத்தனை பேரை மாத்திட்டாங்க பாரு. கெட்டிலாவது கொதிச்சா விசில் அடிக்கும்."

"அப்ப பிரபுக்கள் சபை, மேவிஸக்கா?" என்று யாராவது பின்னாலிருந்து தூண்டிவிடுவார்கள்.

"உக்காந்துட்டே தூங்கறதுக்கு அங்க ஒரு சபையே வெச்சிருக்காங்கன்னு எங்க வீட்டுக்காரர் இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல? மனுசன் இங்கிலாந்துக்கே பேர் வாங்கிக் குடுத்திருப்பார்!"

கட்சி வித்தியாசம் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் ஒரே கரண்டிதான். "சிவப்புக்காரன் வாக்குக் குடுத்துட்டு மறப்பான். நீலக்காரன் மறந்துட்டு வாக்குக் குடுப்பான். மஞ்சக்காரன் நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவான், பக்கத்து வீட்டுக்காரி அதுக்கு நேர்மாறாச் சொன்னாலும் ஆட்டுவான்."

கரண்டி என்று சும்மா சொல்லவில்லை. பதினாலு வருஷம் வீட்டுச் செருப்புத் தொழிற்சாலையில் தைத்துவிட்டு, அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர். ஹேசல்பாட்டத்தில் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கிற எல்லார் வயிற்றிலும் மேவிஸ் ஊற்றிய கஸ்டர்ட் கொஞ்சம் இன்னும் கரையாமல் கிடக்கும். அவ்வளவு கெட்டி. தட்டில் முட்டைக்கோசை மிச்சம் வைத்தவனுக்குக் கஸ்டர்ட் கிடையாது. அது அவருடைய சட்டம். இந்த நாட்டில் எந்த அரசாங்கமும் மாற்றாத ஒரே சட்டம்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு ஒரே ஒரு குறை. முழங்கால்.

சேப்பல் மேட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஆடு ஏறினால் நாக்குத் தள்ளும். ஏறுகிற வழியில் சரியாகப் பாதியில் ஒரு பெஞ்ச் இருந்தது. கடைக்கு இறங்கி வந்து திரும்பும்போது மேவிஸ் அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் ஊர் நியாயம் பேசி, மூச்சு வாங்கிக்கொண்டு மீதிப் பாதியை ஏறுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நகர சபை அந்தப் பெஞ்சைத் தூக்கிவிட்டது. காரணம் இயன் பிக்கர்ஸ்டாஃப். பெஞ்சுக்கு எதிர் வீடு அவருடையது. இளவட்டங்கள் அங்கே உட்கார்ந்து சிப்ஸ் தின்றுவிட்டுக் காகிதத்தை அவருடைய ரோஜாச் செடிமேல் எறிகிறார்கள் என்று பதினெட்டுக் கடிதம் எழுதினார். அந்தச் சிப்ஸ் என் கடைச் சிப்ஸ். அதனால் இந்த விஷயத்தில் நான் அதிகம் வாய் திறப்பதில்லை.

பெஞ்ச் போனபின் மேவிஸ் இயன் வீட்டுக் குட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்தார். ஒரே வாரத்தில் சுவர் நெடுகப் பூந்தொட்டிகள் முளைத்தன.

அன்றிலிருந்து மேவிஸ் தன் போராட்டத்தை ஓட்டுச் சீட்டில் தொடங்கினார். மற்றவர்கள் பேருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவார்கள். இவர் கட்டுரை எழுதுவார். நாடாளுமன்றத் தேர்தலா, சீட்டில் 'பெஞ்ச் எங்கே?' ஐரோப்பாவை விட்டு விலகலாமா வேண்டாமா என்று நாடே அடித்துக்கொண்டதே, அந்தச் சீட்டில், 'நான் வீட்டை விட்டு விலகவே பெஞ்ச் இல்லை, முதலில் அதைப் பாருங்கள்.' போலீஸ் ஆணையர் தேர்தல் என்று ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அதற்குப் போனது ஒன்பது பேரும் ஒரு நாயும். அந்த ஒன்பதில் ஒருவர் மேவிஸ். 'பெஞ்சைத் திருடியவர்களைப் பிடிக்கவும்.'

அத்தனையும் செல்லாத ஓட்டு. அதை யாராவது எடுத்துச் சொன்னால் அவருக்கு வருத்தமே கிடையாது.

"செல்லாத ஓட்டுன்னா என்னான்னு தெரியுமா உனக்கு? அதைத் தனியா எடுத்து வெச்சு, அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, எல்லாக் கட்சிக்காரனையும் கூப்பிட்டுக் காட்டணும். சட்டம்! உங்க ஓட்டை எல்லாம் எண்ணுறாங்க, கண்ணு. என் ஓட்டைப் படிக்கிறாங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகாராணி முடி சூடியபோதுகூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

இந்த வருஷத் தொடக்கத்தில் நிலைமை முற்றியது. முழங்கால் வீங்கி, மேட்டை ஏற முக்கால் மணி நேரம் ஆனது. கடற்கரைப் பக்கம் இருக்கும் மகள் லின் ஒரு நாள் காரில் வந்து இறங்கி, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் வைத்த ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். வயதானவர்களுக்கென்றே கட்டியது. ஜூன் மாதம் சாவி கிடைக்கும்.

"அம்மா, உனக்கு இந்த மேடு ஒத்து வராது. அங்க எல்லாம் சமதளம்."

"சமதளத்துல எனக்கு என்னடி வேலை? அங்க யாரைப் பார்த்துக் கத்துவேன்? கடலையா?"

"பெஞ்ச் போடற மாதிரி இருந்தா நானும் சரின்னு விட்டுடுவேன். பதினோரு வருஷமாப் போடலையே. ஜூன் வரைக்கும்தான் பாப்பேன்."

மேவிஸ் அன்று என் கடைக்கு வந்து, அரசியல் எதையும் தொடாமல், லின் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறந்த தெருவில் எழுபத்தெட்டு வருஷம் இருந்தவரைக் கடல் பார்க்க அனுப்புகிறார்கள் என்றால், அடுத்தது மேட்டையே இடிப்பார்களோ என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நகர சபையில் எங்கள் வட்டாரத்து இடம் ஒன்று காலியானது. நகர சபைக்கு இருக்கும் அதிகாரம் மூன்றே மூன்று: பூந்தொட்டி, கிறிஸ்துமஸ் விளக்கு, பெஞ்ச். மூன்றாவதுதான் எங்களுக்கு வேண்டும். இயன் பிக்கர்ஸ்டாஃப் நின்றார். பெஞ்சுக்குப் பதிலாக மேடு நெடுகப் பூந்தொட்டி வைப்பேன் என்றார். எதிர்த்து நின்றது கோலின் ஸ்ட்ரட், ஓய்வு பெற்ற தபால்காரர். நல்ல மனுஷன், ஆனால் நிழல் நகர்ந்தால்தான் தானும் நகர்வார். அவருடைய துண்டுச்சீட்டில் கொள்கை என்று இருந்தது ஒரே வரி: 'மேட்டில் பெஞ்ச் போடுவேன்.' பேனாவில் மை இருந்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

கோலினுக்கு ஒரே கவலை. "மேவிஸக்கா, கையெடுத்துக் கும்புடறேன். இந்த ஒரு தடவை வெறும் குறி போடுங்க. கதை எழுதாதீங்க."

"நீ எனக்கு எழுதச் சொல்லித் தர்றியாக்கும்? என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை மழையில நனைச்சுக் கூழாக் கொண்டாந்து குடுத்தவன்தானே நீ?"

"அது எண்பத்தி நாலுல, அக்கா!"

"கூழு கூழுதான்."

வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு. எங்கள் வாக்குச்சாவடி மதுக்கடையின் பின்னறை. மேவிஸை மேட்டிலிருந்து இறக்க நான் கைத்தாங்கலாகப் போனேன். உள்ளே போய்த் தட்டிக்குப் பின்னால் நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. பென்சில் கிறுக்கும் சத்தம் வெளியே கேட்டது. சாவடிப் பெண் இருமிப் பார்த்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"இந்தப் பென்சில் முனை உடைஞ்சுடுச்சு. வேற ஒண்ணு குடு, கண்ணு."

வாசலில் நின்ற கோலின் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்த மேவிஸிடம், "குறி மட்டும்தானே, அக்கா?" என்றேன்.

"ரகசிய வாக்கு, தம்பி. இதுக்காக நம்ம ஆளுங்க நூறு வருஷம் அடி வாங்கியிருக்காங்க. உங்கிட்ட சொல்லுவனா?"

மறுநாள் காலையில் பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணிக்கை. கோலினின் முகவராக நான் போனேன். அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நுழையும்போதே அதிகாரி சட்டத்தை வாசித்துக் காட்டினார்: உள்ளே பார்க்கிற எந்தச் சீட்டைப் பற்றியும், அது இன்னாருடையது என்று வெளியே சொல்லக் கூடாது. ஆகவே இங்கேயிருந்து நான் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நீங்களாக ஏதாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எண்ணி முடித்தார்கள். கோலின் முந்நூற்றுப் பதினெட்டு. இயன் முந்நூற்றுப் பதினெட்டு. மறுபடி எண்ணினார்கள். அதேதான். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது இங்கத்துச் சட்டம். சீட்டைப் போட்டுக் குலுக்கப் பள்ளிக்கூட அடுப்பங்கரையிலிருந்து ஒரு கஸ்டர்ட் குவளையைக் கழுவிக்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் சந்தேகச் சீட்டுகளைத் தீர்க்க வேண்டும். மூன்று இருந்தன. ஒன்றில் யாரோ பன்றி வரைந்திருந்தார்கள், நன்றாகவே வரைந்திருந்தார்கள். தள்ளுபடி. ஒன்று வெற்றுச் சீட்டு. தள்ளுபடி.

மூன்றாவதை அதிகாரி ஜில்லியன் ஃபிஷ்விக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். சத்தமாகப் படித்தார்.

இயன் பெயருக்கு நேரான கட்டத்தில்: 'சுவரில் தொட்டி வைத்தவன். முட்டைக்கோசை மிச்சம் வைத்தவன். இவனுக்கு ஒன்றும் கிடையாது.'

கோலின் பெயருக்கு நேரான கட்டத்தில், எழுத்தைப் பொடிப்பொடியாக்கி, கோட்டை ஒரு இடத்திலும் தாண்டாமல்: 'சோம்பேறி. ஆனாலும் என் ஓட்டு இவனுக்கே. பெஞ்ச் போடாவிட்டால் இவன் வீட்டு சோபாவில் வந்து உட்காருவேன்.'

மண்டபத்தில் நாற்பது பேர். என்னைத் தவிர அத்தனை பேரும் அந்தக் கஸ்டர்டில் வளர்ந்தவர்கள். பின்னால் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் விக்கினாள்.

ஜில்லியன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ரெண்டு விஷயம் இருக்கு. யாருக்குப் போட்டாங்கன்னு தெளிவா இருக்கணும். அது தெளிவாத்தான் இருக்கு. ரெண்டாவது, இதை எழுதினது யாருன்னு சீட்டை வெச்சே கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தா, இது செல்லாது." அவர் எங்களைப் பார்த்தார். அவர் கன்னமும் துடித்துக்கொண்டிருந்தது. அவரும் அதே பள்ளிக்கூடம்தான். "இதை எழுதினது யாருன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

நாற்பது பேருக்கும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஒருவர் தன் செருப்பை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். கோலின் மூச்சே விடவில்லை. அவருக்கு அது கஷ்டமான காரியமும் இல்லை.

நான் இயனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். பெயரைச் சொன்னால் சீட்டு செல்லாது. குலுக்கலில் அவருக்கும் பாதி வாய்ப்பு. சொல்ல உரிமையும் இருக்கிறது. முட்டைக்கோசு என்று படித்தபோதே அவர் முகம் சிவந்து, காது வரை ஏறி, வழுக்கைத் தலையில் போய் நின்றிருந்தது. வாயைத் திறந்தார்.

போச்சு, மேவிஸ் கடல் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் இயன். "இந்த ஊர்ல முட்டைக்கோசை மிச்சம் வெக்காதவன் எவன் இருக்கான்?"

மண்டபமே வெடித்தது. ஜில்லியன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இது செல்லும்" என்றார். கோலின் முந்நூற்றுப் பத்தொன்பது. கஸ்டர்ட் குவளையைத் திருப்பி அனுப்பினார்கள்.

இயன் கோலினுக்குக் கை கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார். "பெரி, நான் தோத்துட்டேன்னு இந்த வாரம் மீனைச் சின்னதாப் போட்டுடாதே" என்றார். இந்த ஊரைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் இந்த மனுஷனைத்தான் சொல்வேன். பதினோரு வருஷம் ஒரு சுவருக்காகச் சண்டை போடுவார். ஒரு நிமிஷத்தில் ஜெயிக்கலாம் என்று வரும்போது, ரகசியம் ரகசியம்தான் என்று தோற்றுவிட்டுப் போவார். அந்த வாரம் அவருக்குப் போட்ட மீன் தட்டை விட்டு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நேரே மேட்டை ஏறினேன். மேவிஸ் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கோலின் ஒரு ஓட்டுல ஜெயிச்சுட்டார், அக்கா. ஒரு சீட்டுல யாரோ ஒருத்தர் என்னமோ எழுதியிருந்தாங்க. யாருன்னு தெரியலை. அதையும் எண்ணிட்டாங்க."

மேவிஸின் முகம் சுருங்கியது. "எண்ணிட்டாங்களா? அப்ப படிக்கலையா?"

"படிச்சாங்க, அக்கா. சத்தமா."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கடைசி வரிசைக்கே கேட்டுச்சு."

"சிரிச்சாங்களா?"

"ஜன்னல் அதிர்ந்துச்சு."

முழங்காலைத் தடவிக்கொண்டே தெருவைப் பார்த்தார். "யாரோ ஒருத்தருக்கு நல்ல புத்திசாலித்தனம்" என்றார். "அந்த முட்டைக்கோசுக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

இயன் சொன்னதைச் சொன்னேன். மறுநாள் இயன் வீட்டு வாசலில் யாரோ ஒரு பாத்திரம் நிறையக் கஸ்டர்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார்களாம். யாரென்று தெரியவில்லை. இயன் அதைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிட்டார்.

கோலின் பெஞ்ச் போட்டார். பதவியேற்று இருபத்தெட்டு நாளில் ஒரு சோம்பேறி முடித்த ஒரே காரியம் உலக வரலாற்றில் அதுதான். சோபா பயம். இங்கே பெஞ்சில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு பொருத்துவது வழக்கம். பெரும்பாலும் செத்துப்போனவர்கள் பெயர்தான் இருக்கும். மேவிஸ் பெயரைப் போடலாமென்று பேச்சு எழுந்தது.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று மேவிஸ் ஒரு சத்தம் போட்டார். சட்டப்படியும் பெயர் போட்டால் வம்பு. கடைசியில் தகட்டில் இப்படிச் செதுக்கினார்கள்: 'யாரோ ஒருவருடைய முழங்காலுக்காக.' திருகாணி முடுக்கியது இயன். எதிரிலேயே வீடு, கையில் கருவி இருந்தது, வந்துவிட்டார். சுவரிலிருந்த தொட்டிகளில் இரண்டை எடுத்துப் பெஞ்சின் இரண்டு பக்கமும் வைத்தார். சிப்ஸ் காகிதத்துக்கு ஒரு குப்பைத் தொட்டி என் பங்கு.

ஜூன் முதல் வாரம் லின் வந்தாள், ஃபிளாட் சாவியோடு. காரை என் கடை வாசலில் விட்டுவிட்டு, கடைக்கு இறங்கி வந்திருந்த அம்மாவோடு பேசிக்கொண்டே மேடு ஏறினாள். நானும் மேவிஸின் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சமதளத்தில் நடந்து பழகிய கால். பாதி வழியில் லின்னுக்கு மூச்சு வாங்கியது. போய்ப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். தகட்டைப் படித்தாள். கையிலிருந்த சாவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மேவிஸ் கைத்தடியால் அவள் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

"தள்ளி உக்காருடி. ஒரே ஒரு ஓட்டுல வந்த பெஞ்ச் இது."